வசதியான நிலையும் இறுகும் தோலும்

தீக்காயப் பிரிவில் புதிதாக வந்து சேரும் இளம் செவிலியர்களிடம் முதல் வாரத்திலேயே நான் சொல்லிவிடும் ஒன்று உண்டு: நோயாளிக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ, அந்த நிலையிலேயேதான் அவருடைய உறுப்பு மடங்கி இறுகிப்போகும். கழுத்து வெந்தவர் தாடையை மார்போடு சேர்த்துக்கொள்வார். அக்குள் வெந்தவர் கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வார். உள்ளங்கை வெந்த குழந்தை விரல்களை மூடிக்கொள்ளும். வலி குறைகிறதே என்று அப்படியே விட்டுவிட்டால், புண் ஆறும்போது உண்டாகும் தழும்பு சுருங்கி, அந்தக் கழுத்தையோ கையையோ பிறகு அறுவை செய்யாமல் நிமிர்த்த முடியாதபடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மற்ற வார்டுகளில் நோயாளியை இதமாகப் படுக்கவைப்பதுதான் நல்ல செவிலிக்கு அடையாளம். எங்கள் வார்டில் பாதி நாள் அதற்கு நேர்மாறான வேலைதான் நடக்கிறது.

நான் பணிபுரிவது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஓர் அரசு மருத்துவமனையில். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். தகரமும் பலகையும் கொண்டு நெருக்கமாகக் கட்டிய குடிசைகளில் பாரஃபின் எனும் மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்தோ மெழுகுவத்தி சரிந்தோ தீப்பிடித்து, ஒரே இரவில் ஒரு குடும்பமே வந்து சேரும் காலம் அது. இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வரும் நம்மவர் வீடுகளின் கதை சற்று வேறு: வடை சுட்ட எண்ணெய், சாமி விளக்கில் பற்றிக்கொண்ட நைலான் உடை, மேசை விளிம்பில் தொங்கும் கெட்டில் வயரைத் தவழும் குழந்தை பிடித்து இழுத்தது. கெட்டில் விபத்து மட்டும் ஏழை பணக்காரர், இன்ன இனம் என்று எதுவும் பார்ப்பதில்லை.

எவராக இருந்தாலும், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு வந்தவர்களைவிட, பற்பசையோ முட்டை வெள்ளைக்கருவோ மஞ்சளோ பூசிக்கொண்டு வந்தவர்களே அதிகம். மஞ்சளைப் பற்றி எனக்குத் தனி வருத்தம் உண்டு. நம் வீடுகளில் அதற்குரிய மதிப்பை நான் அறிவேன்; ஆனால் அது வெந்த தோலின் நிறத்தை மறைத்துவிடுவதால், காயம் மேலோட்டமானதா ஆழமானதா என்று பார்க்க வேண்டிய முதல் மணி நேரத்தில், அதைக் கழுவி எடுப்பதற்காகவே நோயாளியை மேலும் நோகச் செய்ய வேண்டியிருக்கிறது.

காயத்தின் பரப்பை அளப்பதும், அதற்கேற்ப எவ்வளவு திரவம் ஏற்றுவது என்று கணக்கிடுவதும் பயிற்சியில் எல்லோரும் கற்பவை. நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம் என்பதையும், பெரியவருக்குத் தலை 9 சதவீதம் என்றால் கைக்குழந்தைக்கு அது அதைப்போல் இரு மடங்கு என்பதையும் மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். அதன் பிறகு, ஏற்றிய திரவம் போதுமா என்பதை மணிக்கு மணி சிறுநீரின் அளவு சொல்லிவிடும்.

கடினமானது கட்டு மாற்றும் நேரம். வலி மருந்தை அரை மணி நேரமாவது முன்னதாகக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே கட்டின்மேல் கை வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல், வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்துத் தானாக நெகிழும்வரை காத்திருக்க வேண்டும். பேசத் தெரிந்த குழந்தையானால் கடைசிச் சுற்றை அதன் கையாலேயே எடுக்கச் சொல்வேன். அது “நிறுத்து” என்றால் என் கை நிற்கும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். ஒருமுறை அதை மீறினால், அடுத்த நாள் தள்ளுவண்டியின் சத்தம் கேட்கும்போதே அழுகை தொடங்கிவிடும். பிறகு எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

கட்டு முடிந்ததும் தொடங்குவது, உறவினர்களின் கனிவோடு நடக்கும் வழக்கு. கழுத்து வெந்த ஒரு பெண்ணைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கவைத்து, தோள்களுக்கு அடியில் துண்டை மடித்து வைத்துத் தலை பின்னால் சாய்ந்திருக்கும்படி செய்திருந்தோம். பார்வையாளர் நேரத்தில் வந்த அவளுடைய பாட்டி, பூவேலை செய்த உறையோடு வீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து, நான் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தபோது பேத்தியின் தலைக்கடியில் வைத்துவிட்டார். “ஒரு தலையணைகூடக் குடுக்காம இப்படிப் போட்டு வச்சிருக்கீங்களே, சிஸ்டர்” என்றார். “ஆயா, இன்னைக்கு வச்சா நாளைக்கு அவளால வானத்தைப் பார்க்க முடியாது” என்றேன். எதிர்க்கட்டிலில் பேரனின் உறுப்பை மடங்காமல் பிடித்திருக்கும் ஸ்பிளின்டை அவிழ்த்துவிடக் காத்திருந்த ஜூலுப் பாட்டியும் அதே குறையை அவருடைய மொழியில் சொன்னார். இருவரையும் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வரும் நேரத்தில் வரச்சொல்லி, கையை எவ்வளவு தூக்க வேண்டும், கழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தோம். கனிவைத் தடுப்பதைவிட அதற்கு ஒரு வேலை கொடுப்பது எளிது என்பது என் எண்ணம். அந்த ஆயா பிறகு எங்களைவிடக் கண்டிப்பாக இருந்தார்.

உணவிலும் இதே சிக்கல். பெரிய தீக்காயம் உடம்பின் புரதத்தை உருக்கிவிடுவதால், முட்டையும் மீனும் இறைச்சியும் தாராளமாகச் சாப்பிட வேண்டும். புரட்டாசி மாதத்திலோ, நம் வீடுகளில் அவற்றைத் தொடமாட்டார்கள். விரதத்தை மதிக்கும் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல. நான் வாதாடுவதில்லை. பருப்பு, பால், நிலக்கடலை, சோயா, இங்குள்ள கடைகளில் எங்கும் கிடைக்கும் அமாசி எனும் புளித்த பால் ஆகியவற்றைக் கணக்கிட்டு, உணவியல் நிபுணரோடு சேர்ந்து பட்டியல் போட்டுக்கொடுக்கிறேன். அமாசியில் பிசைந்த சோற்றைத் தயிர்ச்சோறு என்று சொல்லி ஊட்டினால் மறுப்பவர் குறைவு.

தீயே படாமல் தோல் கழன்று வருகிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள். மருந்து ஒவ்வாமையால் உண்டாகும் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் அது. இந்நாட்டில் 2004இல் எச்ஐவி சிகிச்சை அரசுத் திட்டமாகத் தொடங்கிய பிறகு எச்ஐவி மருந்தான நெவிரப்பின், தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் சல்ஃபா வகை மருந்தான கோட்ரைமாக்சசோல் போன்றவற்றோடு தொடர்புடையதாக அதை மிகுதியாகப் பார்த்திருக்கிறோம். காரணமான மருந்தை உடனே நிறுத்துவதே முதல் சிகிச்சை. இவர்கள்மேல் ஒட்டும் பிளாஸ்திரி எதையும் ஒட்டக்கூடாது. எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். தீக்காயத்துக்குப் பழக்கத்தில் எடுக்கும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் கூடாது, ஏனென்றால் அது நோயைத் தூண்டியிருக்கக்கூடிய சல்ஃபா வகை மருந்துக்கு உறவு. கண்களையும் வாயையும் அடிக்கடி கவனிக்காவிட்டால், தோல் ஆறிய பிறகும் இமைகள் ஒட்டிப் பார்வை கெடும்.

வீடு திரும்பிய பிறகும் வேலை முடிவதில்லை. தழும்பு முதிர்ந்து மென்மையாக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை தழும்பை அமுக்கிவைக்கும் இறுக்கமான அழுத்த உடையை, குளிக்கும் நேரம் தவிர ஏறத்தாழ 23 மணி நேரமும் அணிய வேண்டும். டிசம்பர் மாதத்து டர்பன் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு பள்ளி விடுமுறையைக் கழிக்கும் பிள்ளையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். இரவில் அரிப்பு தாங்காமல் அழும்போது, மனம் கேட்காமல் தாயே அதைக் கழற்றிவிடுவார். வெளிநோயாளர் பிரிவில் கையின் தழும்பைத் தொட்டுப் பார்த்தாலே அது எனக்குத் தெரிந்துவிடும். திட்டுவதில்லை. மாற்றி அணிய இரண்டு உடைகள் இருக்கின்றனவா, குளிர்பெட்டியில் வைத்த ஏக்வியஸ் கிரீம் எனும் ஈரப்பசைக் களிம்பைத் தடவிப் பார்த்தார்களா, அரிப்புக்கான மாத்திரையைப் படுக்கும் முன் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை இரவு வேலைக்குப் போகும் தந்தையையும் அழைத்துவரச் சொல்கிறேன்.