பேரிங் மேல் பழி போடுவதற்கு முன்: 2900 சுற்றில் ஓடும் கடல்நீர் பம்பின் ஆட்டத்தை நிறுத்தியது

தொண்டிப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் கடல்நீர் இறைக்கும் பம்ப். 50 எச்.பி. மோட்டார், நிமிடத்துக்கு 2900 சுற்று, பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) 45 மி.மீ. நான்கு மாதத்தில் மூன்று தடவை பேரிங் மாற்றியும் அதிர்வு அடங்கவில்லை. பேரிங் ஹவுசிங் மேல் வைத்து அளந்தால் நொடிக்கு 9 மி.மீ.க்கு மேல் காட்டியது. இந்த அளவு பம்பில் 3க்குள் இருந்தால் விட்டுவிடலாம், 4.5ஐத் தாண்டினால் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

கழற்றிய பேரிங்கை யாரும் உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கிரைண்டரில் அவுட்டர் ரேஸை (வெளி வளையத்தை) அறுத்துத் திறந்தால் பாதி விடை அதில் இருக்கும். இதில் இரண்டு தடயங்கள் கிடைத்தன. பந்து ஓடும் தடத்தில், பந்துக்குப் பந்து உள்ள அதே இடைவெளியில் கறுப்புப் புள்ளிகள்: பம்ப் நின்றிருந்தபோது ஆயிலில் உப்புத்தண்ணீர் இருந்திருக்கிறது. இன்னர் ரேஸின் (உள் வளையத்தின்) உள்துளையில் செம்பழுப்புத் தூளும் பளபளப்பான வளையக் கோடுகளும்: ஷாஃப்ட் மேல் ரேஸ் வழுக்கிச் சுற்றியிருக்கிறது.

ஷாஃப்டைத் துடைத்ததும் காரணம் தெரிந்தது. லூஸாக இருந்த இடத்தில் யாரோ சுற்றிலும் பஞ்ச் அடித்து, மேடு மேடாக்கி வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் நடக்கும் வேலைதான். பஞ்ச் மேடுகள் சில வாரம் பிடிக்கும், பிறகு நசுங்கிவிடும். அதுவரைக்கும் ரேஸ் மேடுகளின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கும். நடுப்புள்ளி நேராக இராது. பஞ்ச் படாத இடத்தில் மைக்ரோமீட்டர் 44.97 காட்டியது. வேண்டியது 45.002 முதல் 45.018 வரை. தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் 0.12 மி.மீ. அவுட் அடித்தது, 0.05க்கு மேல் போகக் கூடாது. வெல்டிங் வைத்து ஏற்றிக் கடைவது இந்த வேகத்துக்கு வேண்டாம், சூட்டில் ஷாஃப்ட் வளையும். மதுரையில், உப்புத்தண்ணீரைத் தாங்கும் டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புது ஷாஃப்ட் கடைந்து, பேரிங் இடங்களை மட்டும் கிரைண்ட் செய்து வாங்கினோம். 316 ஸ்டெயின்லெஸ் நின்றுபோன கடல்நீரில் குழி விழுந்துவிடும்.

பேரிங் அமைப்பு இப்படி: இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பக்கம் 6309 சி3 (உள் இடைவெளி சற்றுக் கூடிய சாதாரணப் பந்து பேரிங்), மோட்டாரோடு சேரும் கப்ளிங் பக்கம் 7309 (பந்து சாய்வாகத் தொடும் பேரிங்) ஜோடி. ஜோடியை முதுகோடு முதுகு சேர்த்துப் போட வேண்டும். அதாவது அவுட்டர் ரேஸின் தடித்த முகங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். அப்போதுதான் ஷாஃப்ட் சாய்வதை அது எதிர்த்து நிற்கும். ஜோடி போடவென்றே அரைத்த பேரிங்தானா என்று பார்த்து வாங்குங்கள். அச்சு வழி இழுப்பை இந்த ஜோடி தாங்கும். 6309இன் அவுட்டர் ரேஸ் ஹவுசிங்கில் கொஞ்சம் நகர இடம் இருக்க வேண்டும். அதையும் இறுக்கிவிட்டால் ஷாஃப்ட் சூடேறி நீளும்போது இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்.

சுத்தியல் கிட்டேயே வரக் கூடாது. இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி, அதற்கு மேல் வேண்டாம். 30இலிருந்து 110க்குப் போனால் 45 மி.மீ. துளை சுமார் 43 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். இறுக்கம் அதிகபட்சம் 30 மைக்ரான்தான், ஆகவே கையாலேயே வழுக்கிக்கொண்டு உட்காரும். உட்கார்ந்ததும் ஆறும்வரை லாக் நட்டை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறும்போது ரேஸ் அகலத்திலும் சுருங்கும், ஷாஃப்ட் படியிலிருந்து விலகும். ஆறிய பின் ரேஸுக்கும் படிக்கும் நடுவே 0.03 மி.மீ. ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) நுழையாவிட்டால்தான் லாக் வாஷரின் காதை மடக்கலாம். ஹவுசிங் துளையை போர் கேஜில் பார்த்தோம், 100 மி.மீ.க்கு மேல் 20 மைக்ரான். 35 வரை சரி.

இம்பெல்லர் வாயில் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) ஒட்டியிருந்தது. 100 மி.மீ. ஆரத்தில் 5 கிராம் ஒட்டினாலே 2900 சுற்றில் ஏறக்குறைய 4.7 கிலோ எடைக்குச் சமமான விசை சுற்றிச் சுற்றி இழுக்கும். எட்டு கிலோ இம்பெல்லரில் அந்த ஆரத்தில் ஒன்றரை கிராம்தான் தாங்கும். சுரண்டிவிட்டு பேலன்ஸ் பார்த்தே பூட்டினோம்.

மோட்டார் ஷாஃப்டையும் பம்ப் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவரும் அலைன்மென்டில்தான் ஒரு நாள் போனது. காலையில் 0.04 மி.மீ.க்குக் கொண்டுவந்தது மதியம் 0.15 ஆகியிருந்தது. டெலிவரி லைன் 20 மீட்டர் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய், வெயிலில் கிடக்கிறது. 15 டிகிரி ஏறினால் அது சுமார் 50 மி.மீ. நீளும், பம்பையே தள்ளும். ஃப்ளாஞ்சுக்குப் பக்கத்தில் குழாயை அசையாமல் பிடிக்கும் ஆங்கர் அடித்து, மடிந்து கொடுக்கும் ரப்பர் பெல்லோஸ் போட்ட பிறகு, ஃப்ளாஞ்ச் போல்ட் இறுக்கும்போது கப்ளிங்கில் வைத்த டயல் 0.05க்கு மேல் அசையவில்லை.

ஆயில் 68 கிரேடு, கீழ்ப்பந்தின் நடுமட்டம் வரை. கூடினாலும் கலக்கிச் சூடேறும். ராத்திரி பம்ப் நின்று ஆறும்போது ஹவுசிங்கின் காற்றுத் துளையான ப்ரீதர் வழியே உப்புக்காற்றை உறிஞ்சும், வாடைக்காற்று மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ப்ரீதர் மாட்டி, சீலுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஷாஃப்டில் ரப்பர் தட்டு ஒன்றும் போட்டோம், சீல் கசிந்தாலும் தெறித்து வெளியே விழும்படி.

ஓடவிட்டதும் இரண்டு மணி நேரத்தில் பேரிங் சூடு 62 டிகிரியில் நின்றது, அதிர்வு 2.1. ஆனால் கடல் உள்வாங்கும் நேரத்தில் சக்‌ஷன் இழுக்கத் திணறும், கூழாங்கல் உருட்டுகிற மாதிரி சத்தம் வரும். அப்போது பம்பை நிறுத்தியே ஆக வேண்டும். வால்வை வெகுவாக மூடி ஓட்டுவதும் ஷாஃப்டை ஒரு பக்கமாக வளைக்கும். வாரம் ஒருமுறை, பம்பை ஓட்டுவதற்கு முன், அடி ட்ரெயினைத் திறந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். மோர் நிறம் தெரிந்தால் அன்றைக்கே ஆயில் மாற்ற வேண்டும்.