பாகு பதம் ஆச்சி பார்ப்பாங்க

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதையும் நாமே செய்து முடித்துவிடுவது. பொத்தானைப் போட்டுவிடுவோம், சோற்றைப் பிசைந்து கொடுப்போம், குடித்த டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வோம். எல்லோரையும் குளிப்பாட்டி நேரத்துக்குக் காலைச் சாப்பாடு முடிய வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை வாங்கிக்கொள்கிற பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாரம்! எங்கள் இல்லத்தில் உருண்டை பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

இல்லம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்தநாள், திதி என்று சாப்பாடு போட வெளியிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். நல்ல மனிதர்கள். இனிப்பு கொடுத்து, காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த லட்டையும் மைசூர்பாகையும் மறுநாள் தலையணைக்கு அடியிலிருந்து எடுப்போம். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "யாரும் வந்தா கையில கொடுக்க ஒண்ணும் இல்லையேட்டி."

சரி, கொடுப்பதற்கு ஏதாவது செய்வோம் என்று தொடங்கியதுதான் இது.

மாவுருண்டையில் ஆரம்பித்தோம். பொட்டுக்கடலையை லேசாக வறுத்துத் திரித்து, அதற்கு முக்கால் பங்கு சர்க்கரைப் பொடி, ஏலக்காய், எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு சிட்டிகை சுக்கு, உருக்கிய நெய். கால் கிலோ மாவுக்கு நூறு கிராம் நெய்யாவது வேண்டும். குறைந்தால் உருண்டை நிற்காது. உதிர்ந்த மாவு வயதானவர்களின் தொண்டையில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். நெய்யை ஊற்றிக் கரண்டியால் கிளறுவது எங்கள் வேலை. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் தாம்பாளம் அவர்களிடம் போகும்.

பெற்ற மகள் வந்து நின்றால் "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிற ஆச்சி ஒருவர் உண்டு. அவரிடம் "உருண்டை பிடிங்க" என்று சொன்னால் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒன்று பிடித்தால் போதும், அவர் கை தாம்பாளத்துக்குப் போய்விடும். மாவை அள்ளி, நான்கு விரலும் மடங்க ஒரு அழுத்து. கையைத் திருப்பி இன்னொரு அழுத்து. கட்டைவிரலால் மேலே ஒரு தடவு. அவ்வளவுதான், விளிம்பில் ஒரு உருண்டை உட்காரும். அடுத்ததும் அதே அளவு, அதற்கடுத்ததும் அதே அளவு. அல்சைமர் நோய் முதலில் பிடிப்பது புது நினைவுகளைப் பதிந்து வைக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியை. வருஷக்கணக்காகச் செய்து பழகிய கைவேலை மூளையில் வேறு இடங்களைச் சார்ந்தது, அதனால் அது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். படிப்பில் இதைத் தெரிந்துகொள்ளலாம். கண்ணால் பார்க்கிறபோது அந்த ஆச்சியை "எல்லாம் மறந்தவர்" என்று சொல்ல வாய் வராது.

கடலை உருண்டைக்கு வந்தது, பாதிப் பார்வை போன இன்னொரு ஆச்சியின் பிடிவாதத்தால். சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். அந்த ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை யாரோ பேச்சுவாக்கில் சொல்ல, "கரிசக்காட்டுக் கடலைக்கு ருசி உண்டும்லா" என்று பிடித்துக்கொண்டார். கடலை வறுத்துத் தோல் தேய்ப்பது, சுளகில் புடைப்பது எல்லாம் அவர்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்வார்கள். சுளகைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து உட்காருகிற முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி அடுப்பில் வைப்பது நான். பதம் பார்ப்பது அந்த ஆச்சி.

பாகு கொதிக்கத் தொடங்கியதும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார், மற்றவர்களையும் பேச விடமாட்டார். முதலில் சளசளவென்று கேட்கும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் கனக்கும், வாசனையும் மாறும். அப்போது தலையை ஆட்டுவார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுக் கிண்ணத்தை நீட்டுவேன். விரலால் திரட்டிப் பார்த்து, "இன்னும் இளகுதுட்டி." மறுபடி ஒரு சொட்டு. இந்தத் தடவை திரட்டியதை எடுத்துத் தட்டில் போடுவார். டங்கென்று சத்தம். "இறக்குட்டி, இறக்கு! முத்திரும்!" அந்த அதட்டலுக்குச் சமையல் மாஸ்டர்கூட ஓடி வருவார். சட்டியை இறக்கிக் கடலையைக் கொட்டிக் கிளறி, அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிப்பது இளவட்டங்களான எங்கள் பாடு. பாகு பட்டால் சாதாரண வெந்நீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு அது ஆகவே ஆகாது.

ஆண்கள் முதலில் ஒதுங்கித்தான் நின்றார்கள். மளிகைக்கடை வைத்திருந்த தாத்தாவிடம் பொட்டலம் மடித்துத் தரக் கேட்டேன். செய்தித்தாள் கேட்டார். அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும், செய்தித்தாளில் சுற்றக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது என்றதும் கொஞ்சம் முறைத்தார். அப்புறம் வெள்ளைத் தாளை இரண்டு தடவைப் பார்த்துவிட்டு உள்ளங்கையில் சுருட்டினார். கூம்பு நின்றது. உருண்டைகளைப் போட்டு வாயை மடக்கி, சணலைக் குறுக்கே நெடுக்கே சுற்றி, விரலில் ஒரு முறுக்கு முறுக்கிப் பட்டென்று அறுத்தார். கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்த எங்கள் புதுப் பெண்ணுக்கு அன்று பூராவும் அதே பேச்சுதான். இப்போது வாராவாரம் அவரிடம் பொட்டலம் மடிக்கப் பழகுகிறாள்.

முழுக்கடலை எல்லோருக்கும் கிடையாது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மாவுருண்டையைக்கூடப் பாலில் குழைத்துத்தான் கொடுப்போம், அதுவும் நர்ஸ் சொன்ன பிறகு. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெல்லிக்காய் அளவில் ஒன்று, அன்று சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ. "வெல்லம்தானே, ஒண்ணும் செய்யாது" என்கிற நம்பிக்கையோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையைக் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏற்றும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றே ஒன்று என்றாலும் அவர் கையால் பிடித்த ஒன்று என்பதால் சண்டை குறைவு.

பொழுதுபோக்கு என்ற பெயரில் பெரியவர்களிடம் குழந்தைகளின் வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்துவிட்டு, அவர்கள் போன பிறகு குப்பையில் போடுகிற வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அவர்களுக்குத் தெரிந்துவிடும். தேய்த்த கடலை உண்மையிலேயே பாகில் விழ வேண்டும். மடித்த பொட்டலம் உண்மையிலேயே யார் கைக்காவது போய்ச் சேர வேண்டும். நடுக்குவாதம் உள்ள ஐயா ஒருவர் மாவு சலிப்பதைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். "இதுக்கு இந்தக் கைதான் லாயக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கிண்ணம் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுவதோடு சரி, அதற்கு மேல் நாங்கள் கை வைப்பதில்லை. நேரம் ஆகத்தான் செய்யும். அரை மணி நேர வேலைக்கு ஒரு மத்தியானம் போய்விடும். அதற்குத் தகுந்த மாதிரிதான் ஆள் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

இப்போது பிறந்தநாளுக்கு வருகிற குடும்பங்கள் வெறும் கையோடு திரும்புவதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆச்சிமார் பொட்டலத்தைக் கொடுப்பார்கள். "எங்க கைப்பக்குவம், தின்னு பாரு." ஒரு தடவை ஒரு அம்மா பக்குவம் கேட்டு எழுதிக்கொள்ளப் போக, சுக்கா ஏலக்காயா என்று இரண்டு ஆச்சிகளுக்குள் வழக்கு மூண்டு, எழுதிய தாளை மூன்று தடவை அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

வருகிற தீபாவளிக்கு முந்திரிக்கொத்து வேண்டும் என்று இப்போதே நச்சரிப்பு. வறுத்த பாசிப்பயறைத் திரித்து, பாகில் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிப்பது வரைக்கும் எனக்குச் சம்மதம். அரிசிமாவில் முக்கிக் கொதிக்கிற எண்ணெயில் போடுவதைச் சமையலறைக்கு விட்டுவிடலாம் என்றேன். கோவில்பட்டி ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. மாவுக் கரைசல் தண்ணியாக இருந்தால் உருண்டை எண்ணெயில் பிரிந்துபோகுமாம், அதைத் தொட்டுப் பார்க்காமல் ஒன்றைக்கூடப் போடக் கூடாதாம். கரைசல் கிண்ணத்தை மட்டும் வெளியே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாராம்.