நாலு நிமிஷத்தைக் காணோம்!

எழுபதுகளின் இத்தாலிய போலீஸ் படங்களைச் சேர்க்கிறவர் வீட்டுக்குப் பார்சல் வந்தால், அன்று படம் ஓடாது, ஸ்டாப்வாட்ச்தான் ஓடும்.

வந்திருப்பது கிரீஸில் வெளியான பழைய வி.எச்.எஸ். கேசட். ஆங்கில டப்பிங், அடியில் கிரேக்க சப்டைட்டில். பட்டியலில் 100 நிமிடம், ஓடியது 96. “வெட்டிட்டாங்கய்யா!” என்று விற்றவருக்குக் காட்டமாக மடல் கிளம்பும். கொஞ்சம் பொறுக்கலாம். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம், ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) முறை டிவிக்கு 25. படத்தை வேகமாக ஓட்டித்தான் கேசட்டில் ஏற்றினார்கள். 96-ஐ 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுங்கள், கணக்கு நேராகிவிடும். குரலும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். வில்லன் கொஞ்சம் கீச்சென்று மிரட்டுவது அதனால்தான்.

பெருக்கியும் குறைந்தால் சந்தேகப்படலாம். 35 மி.மீ. பிரிண்டில் 2,000 அடி ரீல் அதிகபட்சம் 22 நிமிடம் ஓடும். அறுந்து, ஒட்டி, தேய்வது பெரும்பாலும் ரீலின் தலையும் வாலும். அங்கே வசனம் எகிறினால் ஆபரேட்டர் கைவரிசை. ரீல் நடுவே, சரியாகக் கத்தியை ஓங்கும்போது எகிறினால் சென்சார்.

வெட்டுப்பட்ட காட்சியைப் பிறகு தேடியெடுத்து டிஸ்க்கில் சேர்த்தாலும் ஒரு கூத்து உண்டு. அந்தத் துண்டுக்கு ஆங்கில டப்பிங் இருக்காது. இன்ஸ்பெக்டர் திடீரென்று இத்தாலியனில் கத்திவிட்டு, அடுத்த ஷாட்டில் மறுபடி ஆங்கிலத்துக்கு வருவார். ‘ஒரிஜினல் ஆடியோ எது?’ என்ற சண்டையும் வீண். அன்றைய இத்தாலியில் வசனத்தைப் பெரும்பாலும் பிறகுதான் பதிந்தார்கள். எந்த மொழியில் கேட்டாலும் யாராவது ஒருவருக்கு வாய் ஒட்டாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு குழப்பம்: ஒரே படம் இரண்டு பெயரில் அலமாரியில் இருக்கும். உம்பெர்ட்டோ லென்ஸி 1974-இல் எடுத்த ‘மிலானோ ஒடியா’தான் ஆங்கிலத்தில் ‘ஆல்மோஸ்ட் ஹியூமன்’. “இரண்டிலும் அதே மூஞ்சிதானே?” என்றால் பதில் கிடையாது. அந்த மூஞ்சி நடிகர் தாமஸ் மிலியன்.

இவ்வளவு பாடும் எதற்கு? செட் போடாத மிலான், நேப்பிள்ஸ் தெருக்களுக்காக. ஆல்ஃபா ரோமியோ கார் விரட்டும்போது பின்னால் தெரியும் கடைப் பலகையை நிறுத்திப் படிப்பார்கள். கதையை யார் பார்த்தது?

கேசட்டை வந்ததும் செருகிவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போடவே கூடாது. டேப்பைப் படிக்கும் பிளேயர் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, பிறகு பாருங்கள். ஹெட்டைத் துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி எனும் மென்தோல் போதும். பிளேயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தோலை அசையாமல் பிடித்து, ஹெட் பதிந்திருக்கும் உருளையான டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம், நூல் சிக்கிக்கொள்ளும்.