போலீஸ்காரரின் மேல்முறையீடு: புகார் கொடுத்தவருக்கு ஒரு நாற்காலி மட்டும்தான்

எழுத்துமூலமான தீர்ப்பு போன வாரம் கைக்கு வந்தது. என் தம்பி கொடுத்த புகாரில் வேலை போன போலீஸ் அதிகாரியின் மேல்முறையீடு தள்ளுபடி, பணிநீக்கம் அப்படியே நிலைக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் என் தம்பி ராத்திரி முழுக்கத் தூங்கினான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் நாங்கள் பட்ட பாடு இன்னும் எனக்கு ஆறவில்லை. இங்கிலாந்தில் போலீஸ் மீது புகார் கொடுத்துவிட்டு மேல்முறையீடு வரை இழுபடும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் தம்பியைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். தம்பி அதிகாரியின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதால்தான் அவனைக் கீழே தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று என்று அந்த அதிகாரி எழுத்தில் கொடுத்தார். அவருடைய உடல் கேமரா ஓடவில்லை. கூட வந்தவருடையது ஓடியது. அதில் தம்பியின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருக்கின்றன. 2023-ல் ஒழுங்கு விசாரணை நான்கு நாள் நடந்தது. தம்பி சாட்சி சொன்னான். நேர்மை தவறியது, தேவையில்லாமல் பலம் பிரயோகித்தது இரண்டும் கடுமையான ஒழுங்கீனம் என்று சொல்லி, முன்னறிவிப்பில்லாமல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த விசாரணையில் எங்களுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை.

குறையெல்லாம் அதற்கப்புறம்தான்.

எழுத்துமூலத் தீர்ப்பு கையில் கிடைத்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அதிகாரி மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது விதி. நாங்கள் காலண்டரில் நாள் எண்ணினோம். மூன்று வாரம் ஆயிற்று, ஒரு தகவலும் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அது தப்பு. அவர் உரிய நாளிலேயே மனுப் போட்டிருக்கிறார். எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பத்து நாள் கழிந்ததும் நீங்களே எழுதிக் கேட்டுவிடுங்கள். "தகவல் வரவில்லை" என்பதை "மேல்முறையீடு இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாதங்கள் கழித்து, நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்காரம்மா போன் செய்தார். "உங்கள் அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது" என்றார். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இந்த நாட்டுக்கு வந்ததே இல்லை. எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. போய் வாங்கிப் பிரித்தால், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் விசாரணை நாள் அறிவிப்பு. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. நம் பெயர்களில் எது சொந்தப் பெயர், எது அப்பா பெயர் என்று தெரியாமல் யாரோ பட்டியலில் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். முகவரியும் பழையது.

உடனே போலீஸ் துறையின் ஒழுங்குப் பிரிவுக்குப் போன் போட்டோம். "அது எங்கள் வேலை இல்லை" என்றார்கள். இது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மேல்முறையீட்டை ஏற்பாடு செய்வது போலீஸ் துறை அல்ல, அந்தப் பகுதியின் போலீஸ் மற்றும் குற்ற ஆணையர் அலுவலகம். ஆணையர் என்றதும் நம் ஊர் போலீஸ் கமிஷனர் மாதிரி சீருடை அதிகாரி என்று நினைக்க வேண்டாம். இங்கே அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள். மேல்முறையீட்டில் ஒரு பக்கம் நீக்கப்பட்ட அதிகாரி, எதிர்ப் பக்கம் தலைமைக் காவல் அதிகாரி. புகார் கொடுத்தவர் எந்தப் பக்கமும் இல்லை.

ஆணையர் அலுவலகத்தில் போனை எடுத்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெயரில் புகார்தாரர் யாரும் இல்லையே" என்றார். தம்பி போனைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று வருடம் அலைந்தவனிடம் நீ இந்த வழக்கிலேயே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னோம், பாஸ்போர்ட் நகல் அனுப்புகிறோம் என்றோம். அவர் கேட்கவே இல்லை. கடைசியில் வேலை செய்தது புகாரின் எண். தெருவில் சோதனை போட்டதற்குப் போலீஸ் தரும் சோதனைச் சீட்டைத் தம்பி அன்றைக்கு வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தான். அதன் பின்பக்கம் அவனே பேனாவில் புகார் எண்ணை எழுதி வைத்திருந்தான். அதைச் சொன்னதும் அரை நிமிடத்தில் கோப்பு வந்தது. யாருடன் பேசினாலும் பெயரைச் சொல்வதற்கு முன்னால் எண்ணைச் சொல்லுங்கள். சோதனைச் சீட்டை அந்த இடத்தில் தராவிட்டால் மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. கட்டாயம் வாங்குங்கள்.

பெயர், முகவரி, மின்னஞ்சல் மூன்றையும் திருத்திவிட்டதாகச் சொன்னார்கள். நம்பினோம். விசாரணை நாள் விடியற்காலை ரயில் பிடித்து, இரண்டு பேருக்குமாக 92 பவுண்டு கொடுத்து, அந்த ஊர் ஓட்டலின் கூட்ட அறைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "நேற்று சாயங்காலமே ரத்து செய்துவிட்டார்களே" என்றார். குழு உறுப்பினர் ஒருவருக்குச் சம்பந்தப்பட்ட ஒருவரை முன்பே தெரியுமாம், அதனால் ஒத்திவைப்பு. அந்த முடிவு நியாயமானதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் மின்னஞ்சல் மறுபடியும் பழைய, தப்பான முகவரிக்கே போயிருக்கிறது. தம்பி அதற்காக எடுத்த விடுப்பு, கட்டிய காசு, முந்தைய ராத்திரி தூங்காமல் கிடந்தது எதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் போடுங்கள். ஒத்திவைக்கக்கூடிய பயணச்சீட்டாக வாங்குங்கள்.

ஏழு வாரம் தள்ளி மறுதேதி. அந்த இடைவெளியில் ஒரு நல்லது நடந்தது: சமூக சட்ட உதவி மையம் ஒன்றில் ஒரு வழக்கறிஞர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். அவர் சொன்னதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.

மேல்முறையீடு என்பது மறுவிசாரணை அல்ல. அதிகாரி மூன்று காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும்: முதல் குழுவின் முடிவோ தண்டனையோ நியாயத்துக்குப் பொருந்தாதது, அல்லது அப்போது முன்வைக்க முடியாத, முடிவையே மாற்றியிருக்கக்கூடிய புதிய ஆதாரம் இருக்கிறது, அல்லது நடைமுறையில் பிழையோ அநீதியோ நடந்து அது முடிவைப் பாதித்திருக்கலாம். 'நானாக இருந்தால் வேறு தண்டனை கொடுத்திருப்பேன்' என்று தீர்ப்பாயம் நினைப்பது போதாது. முதல் குழு எடுத்த முடிவு, நியாயமான ஒரு குழு எடுக்கக்கூடியதுதானா என்பதே கேள்வி. ஆகவே தம்பிக்கு என்ன நடந்தது என்று அன்றைக்கு யாரும் அவனிடம் கேட்கப்போவதில்லை.

இன்னொன்றும் சொன்னார். வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத மேல்முறையீட்டைத் தீர்ப்பாயத்தின் தலைவர் காகிதத்தைப் பார்த்தே தள்ளிவிடலாம். எங்களுடையது அந்தச் சல்லடையில் நிற்காமல் விசாரணைக்கு வந்துவிட்டதால், அவர் பாதி ஜெயித்துவிட்டார் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். வாதாட இடமிருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லையாம்.

இரண்டாவது தடவை போன அன்று அறை திறந்திருந்தது. 2015 மே மாதத்திலிருந்து இந்த விசாரணைகள் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கின்றன, ஆனால் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருந்தது. போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். ஒலிப்பதிவு கூடாது, கையால் குறிப்பெடுக்கலாம். எதிரே மூன்று பேர்: சட்டம் படித்த தலைவர், மூத்த போலீஸ் அதிகாரி ஒருவர், போலீஸில் இல்லாத பொதுக் குடிமகள் ஒருவர். பின்வரிசையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "பக்கம் 212, மூன்றாவது பத்தி" என்பார் ஒருவர், எல்லோரும் தடித்த கோப்பைப் புரட்டுவார்கள், படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். எங்கள் கையில் அந்தக் கோப்பு இல்லை. எங்களைப் பற்றிய கதையை ஒருவருக்கொருவர் காதில் சொல்லிக்கொள்வது போல இருந்தது. முதல் விசாரணையின் எழுத்துமூலத் தீர்ப்பை எடுத்துப் போயிருந்தால் பாதியாவது தொடர்ந்திருக்கலாம். அதை வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தோம். நீங்கள் மறக்காதீர்கள், பத்தி எண்களைத்தான் பேசுகிறார்கள்.

அதிகாரியின் வழக்கறிஞர் திறமைசாலி. அன்றைக்கு இருட்டு, மழை, எல்லாம் நொடிகளில் நடந்தது, அவருக்கு நினைவு பிசகியதே தவிர பொய் இல்லை, பதினோரு வருட நல்ல சேவையைக் குழு எடைபோடவில்லை என்றார். பிறகு அந்தக் காணொளியைப் போடச் சொன்னார். பதினான்கு நொடி. அதை ஐந்து தடவை போட்டார்கள். இரண்டாம் தடவை போடும்போது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். படத்தைப் பார்க்காமல் இருக்க முடிந்தது; சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேமராவில் அவன் சொல்வது "என் கை மேலேதான் இருக்கிறது, பாருங்கள்" என்பதுதான். ஐந்து தடவையும் அதைச் சொன்னான். தண்ணீர் குடித்த காகிதக் கோப்பையை விரலால் கிள்ளிக் கிள்ளி, விளிம்பு முழுவதையும் மடியில் உதிர்த்திருந்தான். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பாதியில் வெளியே போகலாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. போகலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காணொளி இருந்தால் அதை எப்போது போடுவார்கள் என்று காலையிலேயே எழுத்தரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் தலைமைக் காவல் அதிகாரியின் வழக்கறிஞர் டார்செட் போலீஸ் வழக்கு ஒன்றை எடுத்தார். அங்கே வேலையை இழந்த சால்ட்டர் என்ற அதிகாரியைத் தீர்ப்பாயம் மறுபடி வேலைக்கு எடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரத்து சரிதான் என்றது. இந்தத் தண்டனையின் முதல் நோக்கம் அதிகாரியைத் தண்டிப்பதல்ல, போலீஸ் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையைக் காப்பது. ஆகவே கடமையில் பொய் சொன்னவருக்கு நல்ல சேவைச் சான்று ஓரளவுக்குத்தான் உதவும் என்பது அதன் சாரம். வழக்கறிஞர் இதை எந்த ஆவேசமும் இல்லாமல், மளிகைப் பட்டியல் படிப்பது போலப் படித்தார். அந்த அறையில் முதல் முறையாக என் தம்பிக்காக யாரோ பேசுவது போல எனக்குப் பட்டது. அவர் பேசியது தம்பிக்காக இல்லை என்று தெரியும். ஆனாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மூவரும் உள்ளே போனார்கள். ஒரு மணி நாற்பது நிமிடம். நடைக்கூடத்தில் காத்திருக்கத் தனி இடம் கிடையாது. அந்த அதிகாரியும் அவர் அம்மாவும் எங்களுக்கு எட்டடி தள்ளி நின்றார்கள். அவர் அம்மா கையில் ஒரு நீலக் கம்பளிச் சால்வை. நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். தனி அறை வேண்டும் என்றால் முன்பே எழுதிக் கேட்க வேண்டும்; கேட்டால் கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு எழுத்தர் சொன்னார். மறுபடி உள்ளே கூப்பிட்டபோது அந்த அம்மாதான் எங்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி "நன்றி" என்றான். அவர் தலையசைத்தார்.

தலைவர் இரண்டே வரி சொன்னார். மேல்முறையீடு தள்ளுபடி, காரணங்கள் எழுத்தில் வரும். மாறாகத் தீர்ப்பாயிருந்தால், நீக்கமே நடக்காதது போல அந்த நாளிலிருந்தே அவரை வேலையில் வைத்திருக்க வேண்டியதாகியிருக்கும். இனி அவருக்கு, தீர்ப்பாயம் சட்டப்படி நடந்ததா என்று உயர் நீதிமன்றம் பார்க்கும் சட்டப் பரிசீலனை ஒன்றுதான் வழி. நீக்கப்பட்டவர்களின் தடைப்பட்டியலில் பெயர் இருக்கும்வரை இங்கிலாந்திலோ வேல்ஸிலோ எந்தப் போலீஸ் துறையும் அவரைச் சேர்க்க முடியாது.

ரயிலில் அம்மாவுக்குப் போன் போட்டோம். "முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். "முடிந்தது" என்றான். "நிஜமாகவா?" என்று மறுபடி கேட்டார். அம்மாவுக்கும் ஒத்திவைப்பு பழகிப் போயிருந்தது.

எழுத்துமூலத் தீர்ப்பு வந்தபோது, இரண்டாம் பக்கத்தில் புகார்தாரர் என்ற இடத்தில் மறுபடியும் அப்பா பெயர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விட்டுவிடலாம் அக்கா என்று தம்பி சொல்வான் என எதிர்பார்த்தேன். அவன் கணினி முன்னால் உட்கார்ந்து, முதல் வரியில் புகார் எண், இரண்டாம் வரியில் தன் பெயர், மூன்றாம் வரியில் "திருத்திய பிரதி வேண்டும்" என்று எழுதி அனுப்பினான். நான்காம் நாள் வந்துவிட்டது. இந்தத் தடவை எழுத்துப் பிழைகூட இல்லை. அதை அந்தச் சோதனைச் சீட்டோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறான்.