அட்டையில் அடங்காத நீர் மூலக்கூறு

எலக்ட்ரான் கூடுகளைக் கையால் அடுக்கிப் பார்க்கும் ஆசையில், மூன்று வாரங்களுக்கு முன் அட்டையும் மணிகளுமாக உட்கார்ந்தேன். கூட்டுக்கு ஒரு வட்டம், எலக்ட்ரானுக்கு ஒரு மணி. சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. சோடியத்தின் ஒற்றை மணியைக் குளோரினுக்கு நகர்த்தியதும் இரண்டு அட்டைகளிலும் வெளிக்கூட்டில் எட்டு நின்றது. அயனிப் பிணைப்பு அன்றே முடிந்தது.

பொட்டாசியத்தில் தடுமாறினேன். மூன்றாம் கூடு 18 வரை கொள்ளுமே என்று 2, 8, 9 என அடுக்கிவிட்டேன். சரியான அமைப்பு 2, 8, 8, 1. பத்தொன்பதாவது எலக்ட்ரானுக்கு மூன்றாம் கூட்டில் மீந்திருக்கும் இடத்தைவிட நான்காம் கூட்டின் முதல் இடம் ஆற்றலில் தாழ்ந்தது. அந்த ஒரு மணியை மாற்றி வைத்த பிறகு, பொட்டாசியம் ஏன் சோடியத்தைப் போலவே வினைபுரிகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது.

அடுத்தது நீர். ஆக்சிஜனின் இருபுறமும் ஹைட்ரஜன்களை நேர்கோட்டில் வைத்தேன். மணிக்கணக்கு சரியாக இருந்தது, வடிவம் தவறு. உண்மையில் நீர் மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்தது. தட்டையான அட்டையால் இதைச் சொல்லவே முடியாது. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பை அட்டையோடு நிறுத்திவிடக் கூடாது என்று எனக்கு உறுதியாகப்பட்டது அப்போதுதான்.

பலூன்களுக்கு மாறினேன். ஒரே அளவில் நான்கை ஊதி, முடிச்சுகளைச் சேர்த்துக் கட்டினேன். கையை எடுத்ததும் அவை தாமாகவே நான்முகி வடிவில் விரிந்து நின்றன! தரையில் வைத்தால் மூன்று கால்கள், மேலே ஒன்று. எப்படிப் புரட்டினாலும் அதே அமைப்பு. ஒன்றையொன்று விலக்கும் நான்கு எலக்ட்ரான் இணைகள், மீத்தேனின் 109.5 டிகிரி இதுதான். நெடுநேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீருக்கு அதே நான்கு பலூன்கள் போதும். இரண்டு பிணைப்புகள், பிணைப்பில் சேராத இரண்டு தனித்த இணைகள். தனித்த இணையை ஒரே ஓர் உட்கருதான் ஈர்க்கிறது. எனவே அது அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டை மட்டும் கொஞ்சம் பெரிதாக ஊதிக் கட்டினேன். மற்ற இரண்டும் நெருங்கி வந்தன. ஊதும் அளவைப் பொறுத்துக் கோணம் மாறுவதால் 104.5 என்ற எண்ணைப் பலூனில் அளந்து எடுக்க முடியாது. கோணம் ஏன் சுருங்குகிறது என்பதை மட்டும் அது காட்டும். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இந்த வளைவு இல்லையென்றால் நீருக்கு முனைவுத்தன்மை, அதாவது ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்ட தன்மை, இருக்காது. முதல் நாள் அட்டையில் செய்த உப்பும் அதில் இப்படிக் கரையாது.

அடுத்து அமோனியா: பெரிய பலூன் ஒன்று, சிறியவை மூன்று.