ஆறு சோழிகளும் ஒரு சிறு கருவியும்

மண்டபம் கடற்கரைத் திடலில் ஞாயிறுதோறும் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு நான் நடுவராக நிற்கிறேன். வலது பையில் ஆறு சோழிகளை வைத்துக்கொண்டு, முறையான பந்து ஒன்று வீசப்பட்டதும் ஒன்றை இடது பைக்கு மாற்றுவேன். வைடுக்கும் நோ பாலுக்கும் சோழி நகராது.

சென்ற மாதம் ரன் அவுட் முறையீடு ஒன்றின் கூச்சலில் ஒரு சோழியை மாற்ற மறந்தேன். ஏழாவது பந்தில் விக்கெட் விழுந்தது. நடுவர் எண்ணியதே ஓவர் என்பது விதிதான் என்றாலும், மட்டையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்துபோன அந்தத் தம்பியின் முகம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதன்பிறகே பேஸ்பால் நடுவர்களைக் கூர்ந்து கவனித்தேன். கேட்சருக்கு (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பின்னால் நிற்கும் நடுவர், உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றின் சிறு சக்கரங்களை விரலால் திருப்பி, பால் (அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போய், அடிப்பவர் மட்டை வீசாமல் விட்ட பந்து), ஸ்டிரைக் (அடிக்க முயன்று தவறிய, அல்லது எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்ட பந்து), அவுட் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்கிறார். நான்கு பால் சேர்ந்தால் அடிப்பவர் முதல் பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய முதல் முனை) நடக்கலாம் (1889 முதல் இந்தக் கணக்குத்தான்). மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். அடித்த பந்து ஃபவுலானால், அதாவது பக்கக் கோடுகளுக்கு வெளியே போனால், அதுவும் ஸ்டிரைக்தான்; ஆனால் இரண்டு ஸ்டிரைக்குக்குப் பின் முழுவீச்சில் அடித்த பந்து ஃபவுலாகித் தரையில் விழுந்தால் எண்ணிக்கை மாறாது. பழகிய விரல் தவறுவதற்கு அதைவிட ஏற்ற இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

கருவியைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று: இடது கை விரல்களால் பாலையும் வலது கை விரல்களால் ஸ்டிரைக்கையும் எல்லோருக்கும் தெரியக் காட்டுவதால், பிழை இருந்தால் அங்கேயே பிடிபடுகிறது. இப்போது நானும் நான்காம் பந்து முடிந்ததும் ஸ்கொயர் லெக் நடுவரைப் பார்த்து, இன்னும் இரண்டு பந்து என்று இரண்டு விரல்களைக் காட்டுகிறேன். அவரும் காட்டிய பிறகே ஐந்தாவது பந்து.