திருவையாற்றில் சாப்பிட்ட கொத்தமல்லி சாதம்

ஊரிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகிறது. நேற்று ராத்திரியும் அதே சாதம்தான் செய்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மனசு சித்தி வீட்டு அம்மிக்கல்லிலேயே நிற்கிறது.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். 2025 ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சென்னையிலிருந்து தஞ்சாவூர் போகிற உழவன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் கடைசிவரை நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஆம்னி பஸ். சாதாரண நாளில் 700 ரூபாய்க்குப் போகிற இடத்துக்கு 1,450 வாங்கினார்கள். ஏசி தண்ணீர் என் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. இடம் மாற்றிக் கேட்டதற்கு, "பண்டிகை நேரம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று பதில். விடியற்காலை நாலரைக்குத் தஞ்சாவூர் புதிய பஸ் ஸ்டாண்டுக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டார்கள். அங்கே காத்திருந்த ஒரே ஆட்டோ, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு 350 ரூபாய் கேட்டது. இருட்டில் தனியாக நிற்கும் பெண்ணிடம் பேரம் படியாது என்று தெரிந்தே கேட்கிற விலை அது. கொடுத்தேன். இன்னும் வயிறு எரிகிறது.

அங்கிருந்து திருவையாறு வரை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், பைசா செலவில்லை. அந்தப் பதிமூன்று கிலோமீட்டரில் பாதிக் கோபம் போய்விட்டது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டதால் ஆறுகளில் தண்ணீர் ஓடியது, குறுவை வயல்கள் பச்சை விரித்திருந்தன. ஆறு வறண்டு கிடந்த ஆடிகளையும் பார்த்தவள் நான். ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

சித்தி வீட்டில் அடுப்படி ஏற்கெனவே எழுந்திருந்தது. ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகச் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். இவை போக வீட்டுக்காரர்களுக்கென்று கொஞ்சமாய்க் கொத்தமல்லி புதினா சாதம். "இது சாமிக்கு இல்லடி, நமக்கு. இலை ஓரத்துல ஒரு கை வெப்பேன், அவ்வளவுதான்" என்றார் சித்தி. கல்யாணப் பந்தியில் குழம்பு சாதத்துக்கு முன்னால் கலந்த சாதம் வைப்பார்களே, அந்த அளவு. அந்த ஒரு கைச் சாதத்துக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அரிசி தூயமல்லி, பச்சரிசி. தை அறுவடையில் வந்தது, ஆடிக்கு ஆறு மாசப் பழசு. புது அரிசி குழையும், பழைய அரிசி பிரிந்து நிற்கும். கலந்த சாதத்துக்கு இதுதான் முதல் ரகசியம். சென்னையில் சீரக சம்பா வாங்கி எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், எல்லாம் உருண்டை கட்டும். அரிசியின் வயசை நான் ஒருநாளும் கடையில் கேட்டதில்லை.

சித்தி குக்கர் வைக்கவில்லை. அரிசியை இருபது நிமிஷம் ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் மெல்லிசாக வெள்ளைப் புள்ளி தெரிகிற பதத்தில் வடித்தார். கஞ்சி தனியாகப் போனது. சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் சுற்றிவர ஊற்றி, ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு அம்மிக்குப் போனார்.

ஒரு டம்ளர் அரிசிக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி, இளம் தண்டோடு. அதில் பாதி அளவு புதினா, இலை மட்டும். புதினாத் தண்டு கசக்கும். நாலு பச்சை மிளகாய், சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, கல்லுப்பு, ஒரு பிடி தேங்காய்த் துருவல். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. நான் மிக்சியில் தண்ணீர் விட்டு அரைப்பேன் என்றதும், "தண்ணி ஊத்துனா அது சட்னிடி, சாதத்துக்கு ஆகாது" என்றார். மிக்சியில் செய்கிறவர்கள் தேங்காயையும் மிளகாயையும் முதலில் ஓட்டிவிட்டு, இலையைக் கடைசியில் போட்டு விட்டுவிட்டு அடியுங்கள். வீட்டில் எனக்கு அப்படித்தான் சரியாக வந்தது.

பிறகு வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பெருங்காயம், கறிவேப்பிலை. அரைத்ததைப் போட்டு மூடாமல் இரண்டே நிமிஷம், பச்சை வாசனை போகிற வரை. அடுப்பை அணைத்துவிட்டு ஆறிய சாதத்தைக் கொட்டிக் கிளறினார். எலுமிச்சம்பழம் பிழிந்தது அதற்கும் பிறகு. நான் எப்போதும் புளியைச் சேர்த்து அரைத்து, மூடிபோட்டு வதக்குவேன், சாதம் காக்கி நிறத்தில் வரும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் இலையின் பச்சையத்திலிருந்து மக்னீசியம் கழன்றுவிடும், அதனால்தான் நிறம் செத்துப்போகிறது. இதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். என் வாணலியோடு அதைச் சேர்த்து யோசிக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சித்தி எந்தப் புத்தகமும் இல்லாமல் எலுமிச்சையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்.

காவிரிக்கரையில் புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணி, மஞ்சள், பழம், பூவெல்லாம் தண்ணீரில் மிதந்து போயின. கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு பெண்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு மரநிழலில் இலை போட்டோம். பச்சை மாறாத அந்தச் சாதம், பக்கத்தில் கூழ்வடாம், வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. வாயில் வைத்ததும் முதலில் புதினா, அப்புறம் நல்லெண்ணெய், கடைசியில் எலுமிச்சை என்று ஒவ்வொன்றாக வந்தது. புளியோதரைக்குத்தான் ஆற்றங்கரையில் பேர் அதிகம். என்னைக் கேட்டால் அன்றைக்கு அதை ஓரங்கட்டியது இந்தச் சாதம்தான். மூன்று முறை கேட்டு வாங்கினேன். காலையில் செய்ததை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது சித்தியின் கண்டிப்பு. வெயில் காலத்தில் வடித்த சாதம் வெளியில் கிடந்தால் வயிற்றுக்கு ஆகாது.

திரும்பும்போது கால் கிலோ அசோகா வாங்கினேன். திருவையாற்றுக்குப் போய்ப் பாசிப்பருப்பு அல்வா வாங்காமல் வந்தால் வீட்டில் நுழைய முடியாது. ஆட்டோவுக்குக் கொடுத்த 350 அதற்குப் போயிருந்தால் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்திருக்கலாம்.

வீட்டில் முதல் நாள் செய்தது வீணானது. பசி தாங்காமல் சாதத்தைச் சூடாகவே கொட்டிவிட்டேன், கரண்டி பட்ட இடமெல்லாம் குழைந்தது. நேற்று தாம்பாளத்தில் முழுசாக ஆறவிட்டுச் செய்தேன். கலந்த பிறகும் பத்து நிமிஷம் தொடாமல் வைத்தேன். வந்தது, அதே வாசம். சாதாரண ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் ஒரு கை வைத்துச் சாப்பிட்டோம்.

சித்தி கொடுத்தனுப்பிய இரண்டு கிலோ அரிசியில் இன்னும் ஒன்றரை கிலோ இருக்கிறது. கணக்குப் பார்த்துத்தான் எடுக்கிறேன். அடுத்த தூயமல்லி தை மாசம் வரும், அதுவும் ஆறு மாசம் பழசானால்தான் இந்தச் சாதத்துக்கு ஆகும்.